பழைய மோட்டார்ஹோம் வாங்கியாச்சு, முதலில் எதில் கை வைப்பது?

இங்கிலாந்தில் இருக்கும் நண்பர் ஒருவர் கேட்டிருக்கிறார். 2007 மாடல், ஃபியட் டுகாட்டோ வேன் மேல் கட்டிய நாலு படுக்கை மோட்டார்ஹோமை (படுக்கை, அடுப்பு, கழிவறையோடு ஓடும் வீடு) ஒரு வயதான தம்பதியிடமிருந்து வாங்கிவிட்டாராம். ஓட்டம் குறைவு, எம்.ஓ.டி. (சாலையில் ஓடத் தகுதியானதா என்று பார்க்கும் பிரிட்டனின் வருடாந்திரச் சோதனை) இருக்கிறது, உள்ளே பார்க்க நன்றாகவே இருக்கிறது, பின்பக்க மூலையில் மட்டும் லேசாக ஒரு வாடை. கோடைக்குள் சீட் துணி மாற்றி, அலமாரிகளுக்கு வெள்ளை அடித்து, கூரையில் சோலார் போட்டு, லித்தியம் பேட்டரி வைக்க வேண்டும்; எதில் ஆரம்பிப்பது, எதையெல்லாம் நாமே செய்யலாம் என்பது கேள்வி. கேட்டது நாலைந்து விஷயம் என்றாலும், போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த வாடைதான் உண்மையான கேள்வி. அதற்கு விடை தெரியாமல் மற்ற எதற்கும் ஒரு பவுண்ட்கூடச் செலவு செய்யாதீர்கள்.

நான் ஹல் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் பதினான்கு வருடமாக இந்த வேலை பார்க்கிறேன். பிரிட்டனின் கேரவன் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி இந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. என் கை பழகியது வண்டியின் வீட்டுப் பகுதி: சுவர், தரை, கூரை, தண்ணீர், கேஸ், மின்சாரம். எஞ்சினைப் பற்றிச் சொல்வதெல்லாம் பக்கத்து மெக்கானிக்கிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டது, அதை அந்த அளவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதையும் மறக்காதீர்கள். வாடை என்றாலே உளுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மூடிவைத்த வண்டிக்கு ஒரு வாடை உண்டு, கழிவறைப் பெட்டி சரியாக அடைக்காவிட்டாலும் வாடை வரும். ஆனால் பின் மூலை என்று நீங்கள் எழுதியதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

காரணம் இதுதான். இந்த வண்டிகளின் சுவர் தகரமோ சிமென்ட்டோ அல்ல. வெளியே மெல்லிய அலுமினியத் தகடு அல்லது ஃபைபர் கிளாஸ், உள்ளே வினைல் ஒட்டிய 3 மில்லிமீட்டர் பிளைவுட், நடுவில் தெர்மாகோல் போன்ற ஃபோம், அதைத் தாங்கச் சின்னச் சின்ன மரச்சட்டம். உங்கள் வண்டியின் வயதுக்கு அநேகமாக இந்த மரச்சட்டம்தான் இருக்கும். கூரையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒரு நீளமான பட்டையை வைத்து, அடியில் மாஸ்டிக் என்ற அடைப்புப் பசையைப் பூசி, வரிசையாகத் திருகாணி முடுக்கியிருப்பார்கள். அந்த மாஸ்டிக் பிசுபிசுப்பாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். பத்துப் பன்னிரண்டு வருடத்தில் காய்ந்து வெடித்துவிடுகிறது. வண்டி ஓடும்போது மொத்த உடம்பும் முறுக்கிக்கொண்டு ஆடுவதால் வெடிப்பு விரிகிறது, அதில் மழைநீர் மயிரிழையாக இறங்குகிறது. இறங்கிய தண்ணீர் நுழைந்த இடத்திலேயே தங்காது. சட்டத்தோடு வழிந்து, சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து மூலையில் தேங்கும். மேலே விளக்கருகில் ஓட்டை, கீழே படுக்கைப் பெட்டிக்குள் ஓதம் (ஊறிய ஈரம்) என்பது சர்வசாதாரணம். ஓட்டம் குறைவு என்பதை எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். நிறுத்தியே வைத்த வண்டி என்றால் பல குளிர்காலம் ஒரே பக்கம் சாய்ந்தபடி மழையில் நின்ற வண்டி என்றும் படிக்கலாம்.

சோதனைக்கு முதல் கருவி உங்கள் கட்டைவிரல். பின் மூலை அலமாரி, சீட்டுக்கு அடியில் இருக்கும் பெட்டி எல்லாவற்றையும் காலி செய்துவிட்டு, டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாத மேடு பள்ளம் அப்போது நிழலாகத் தெரியும். சுவரின் அடி ஓரத்தில் ஒரு சாண் விட்டு ஒரு சாணாக அழுத்திக்கொண்டே போங்கள். நல்ல பலகை எதிர்த்து நிற்கும், கெட்டது ஊறிய அப்பளம் மாதிரி உள்வாங்கும். ஜன்னல் மூலைகள், கூரை ஜன்னலைச் சுற்றிய இடம், பின் விளக்குகளுக்கு உள்பக்கம், சக்கர வளைவுக்கு மேலே, வெளியே நிழலுக்குப் படுதா மாட்டும் உலோகப் பட்டைக்கு நேர் உள்ளே, இத்தனையும் பார்க்க வேண்டும். வெளியே பட்டையின் மேல் இருக்கும் பிளாஸ்டிக் நாடாவைக் கொஞ்சம் உருவி நாலு திருகாணியைக் கழற்றிப் பாருங்கள். பளபளவென்று வந்தால் நல்லது. துருப்பிடித்து, திருப்பினாலும் பிடிமானமில்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அது பிடித்திருந்த மரம் போய்விட்டது. அலுமினிய வண்டி என்றால் வெளித்தகட்டில் ஊசிமுனை அளவு வெண்புள்ளிகளோ கொப்புளமோ இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளிருந்து அரித்து வெளியே வந்ததன் அடையாளம்.

அடுத்தது ஓதமானி, அதாவது சுவரில் வைத்து ஈரத்தை அளக்கும் கருவி. இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு: 15 சதவீதத்துக்குக் கீழே கவலையில்லை, 15 முதல் 20 வரை கண்காணிக்க வேண்டும், 20க்கு மேல் போனால் பிரித்துப் பார்க்கத் தயாராக வேண்டும், 30ஐத் தாண்டினால் கட்டுமானம் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கடையில் கிடைக்கும் இருபது பவுண்ட் மானியின் எண்ணை வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் உலோகமோ மின்கம்பியோ போனால் பொய்யாக ஏறும், ஜன்னலடியில் குளிருக்குப் படிந்த வியர்வையைக்கூட ஓதமாகக் காட்டும். நீங்கள் நம்ப வேண்டியது வித்தியாசத்தை. வண்டி முழுக்க 12, 13 என்று வந்து ஒரு மூலையில் மட்டும் 28 என்றால் அங்கே விஷயம் இருக்கிறது. ஒரு தாளில் வண்டியின் படம் போட்டு, ஒவ்வொரு இடத்துக்கும் எண்ணைக் குறித்துவைத்து, நல்ல மழை பெய்த இரண்டு நாள் கழித்து அதே இடங்களை மறுபடி அளந்து பாருங்கள். ஏறியிருந்தால் கசிவு இன்னும் உயிரோடிருக்கிறது. எண் மாறவில்லையென்றால் பழைய கசிவை யாரோ அடைத்திருக்கலாம். இந்த இரண்டாவதை ஒரு மழையை வைத்து அடித்துச் சொல்ல முடியாது, காற்றடிக்கும் திசையைப் பொறுத்து மாறும்.

நாலு வருடம் முன்னால் எங்களிடம் ஒரு வண்டி வந்தது. உரிமையாளர் உள்ளே பிரமாதமாகச் செய்திருந்தார். சாம்பல் நிறத்தில் புது வால்பேப்பர், புது மெத்தை, எல்.இ.டி. விளக்கு, மூன்றாயிரம் பவுண்டுக்கு மேல் போயிருந்தது. பின் ஜன்னல் சரியாக மூடவில்லை, கீல் மாற்றிக் கொடுங்கள் என்றுதான் வந்தார். கீலைக் கழற்றினேன், திருகாணியோடு மரமும் சேர்ந்து வந்தது. கையில் எடுத்துப் பிசைந்தால் வடிகட்டிய டீத்தூள் மாதிரி ஈரமாக உதிர்ந்தது. வால்பேப்பரைக் கிழித்தோம், பின் சுவர் முழுக்கக் கறுப்பு. ஜன்னல் மூடாததற்குக் காரணம் கீல் அல்ல, சுவரே ஒரு விரல் அளவு தொங்கியிருந்தது. அந்த மனிதர் ஒன்றும் பேசாமல் வெளியே போய் நின்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவர் அல்ல, வாங்கும்போதே ஓதக்கறை மேல் பெயின்ட் அடித்துத்தான் கொடுத்திருந்தார்கள். அதன் மேல் அவர் வால்பேப்பரை ஒட்டினார், அவ்வளவுதான்.

தரையையும் விட்டுவிடாதீர்கள். பிளைவுட், ஃபோம், பிளைவுட் என்று ஒட்டிய அடுக்குத்தான் தரை. நடமாட்டம் அதிகமுள்ள கதவோரமும் அடுப்புக்கு முன்னாலும் அந்த ஒட்டு விட்டுப்போகும். கால் வைத்தால் நெளியும், பிஸ்கட் நொறுங்குவதுபோல் சத்தம் வரும். இது ஓதத்தால்தான் வர வேண்டும் என்பதில்லை, தேய்மானத்தாலும் வரும். ஓதமில்லாத வெறும் ஒட்டு விடுதல் என்றால் வரிசையாகத் துளையிட்டு ரெசின் ஊசி போட்டு, மேலே பலகை வைத்துப் பாரம் ஏற்றி ஒருநாள் விட்டால் சரியாகிவிடும். பொறுமை உள்ளவர் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்க்ரூ டிரைவரால் ஓரங்களைக் குத்தும்போது முனை உள்ளே போகிறது என்றால் அது வேறு கதை.

ஓதம் உறுதியானால் செய்ய வேண்டிய வரிசை மாறவே கூடாது. முதலில் தண்ணீர் நுழையும் இடத்தைக் கண்டுபிடித்து நிறுத்துவது, பிறகு உள்பலகையைப் பிரிப்பது, பிறகு காயவிடுவது. காய்வதற்கு ஈரமிழுக்கும் இயந்திரத்தை வைத்தாலும் வாரக்கணக்கில் ஆகும். அவசரப்பட்டு மூடினால் உள்ளேயே பூஞ்சை வளரும். கெட்ட சட்டத்தைக் கெட்டியான மரம் தென்படும்வரை வெட்டியெடுத்து, பதப்படுத்திய மரத்தைப் பொருத்தி, இடைவெளியை ஃபோமால் நிரப்பி ஒட்டி, கடைசியாகத்தான் புது உள்பலகை. தச்சுவேலை தெரிந்தவர் ஒரு மூலையை இப்படிச் சரிசெய்துவிடலாம். பின் சுவர் முழுவதுமோ, ஓட்டுநர் அறைக்கு மேலே இருக்கும் படுக்கைப் பகுதியோ என்றால் பட்டறைக்குக் கொடுங்கள். அங்கேயும் முன்கூட்டியே ஒரே தொகையாகச் சொல்பவரைவிட, பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்பவரைத்தான் நான் நம்புவேன். ஓதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பலகையைப் பிரிக்கும்வரை எங்களுக்கே தெரியாது.

அடைக்கும் பொருளைப் பற்றி ஒரு வார்த்தை. குளியலறை சிலிக்கோனை வாங்கி வெடிப்புக்கு மேலே பட்டையாகப் பூசுவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஓரம் உரிந்தவுடன் தண்ணீர் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் தங்கிவிடுகிறது. போதாததற்கு, சிலிக்கோன் பட்ட இடத்தில் பிறகு நல்ல சீலண்ட் எதுவும் ஒட்டாது. பட்டையைக் கழற்றி, பழைய மாஸ்டிக்கைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி, ஒயிட் ஸ்பிரிட்டால் துடைத்து, கெட்டியாகாத பியூட்டைல் நாடாவை வைத்து, துரு ஏறாத எஃகுத் திருகாணியால் முடுக்க வேண்டும். முடுக்கும்போது மாஸ்டிக் ஓரமெல்லாம் சீராகப் பிதுங்கி வந்தால் வேலை சரி. கூரை ஜன்னலுக்குச் சிக்காஃபிளெக்ஸ் மாதிரி ஒட்டும் பசையைப் போடாதீர்கள், அடுத்த முறை கழற்றுபவர் கூரையோடு சேர்த்துப் பிய்க்க வேண்டிவரும். ஒரு பக்கத்துப் பட்டைக்கு எனக்கே முக்கால் நாள் பிடிக்கும். உங்களுக்கு வார இறுதி முழுக்க ஆகலாம், அதனால் மோசமில்லை.

கேஸ் விஷயத்தில் நீங்கள் செய்யக்கூடியது பார்ப்பதும் மாற்றச் சொல்வதும் மட்டும்தான். ரப்பர் குழாயில் தயாரித்த தேதி அச்சிட்டிருக்கும், ஐந்து வருடத்தைத் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். 30 மில்லிபார் ரெகுலேட்டர் பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் அதையும். அழுத்தச் சோதனையும் அடுப்பு, ஹீட்டர் வேலையும் கேஸ் சேஃப் பதிவில் (பிரிட்டனில் கேஸ் வேலை செய்பவர்களின் பதிவேடு) எல்பிஜிக்கும் இந்த வகை வண்டிகளுக்கும் தகுதி பெற்றவருடையது. வீட்டு பாய்லர் பார்ப்பவருக்கு அந்தத் தகுதி இருக்க வேண்டுமென்பதில்லை, கேட்டுப் பாருங்கள். தரையில் வலை போட்ட ஓட்டைகள் இருக்கும். குளிர்காற்று வருகிறதென்று பலர் அதன் மேல் மிதியடி ஒட்டிவிடுகிறார்கள். எல்பிஜி காற்றைவிட எடை கூடியது, கசிந்தால் கீழேதான் இறங்கும், வெளியேற அந்த ஓட்டைதான் வழி. புதுத் தரைவிரிப்பு போடும்போது அதை வெட்டித் திறந்துவிட மறக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரமும் புகை அலாரமும் வண்டியில் ஏற்கெனவே இருந்தால் அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள், பெரும்பாலும் முடிந்திருக்கும். எந்த சிலிண்டர் என்று அடுத்துக் கேட்பீர்கள்: குளிர்காலத்திலும் போவதானால் புரொபேன். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை நெருங்கினாலே ஆவியாக மறுத்துவிடும்.

தண்ணீர் அமைப்பைச் சோதிக்க எளிய வழி உண்டு. தொட்டியை நிரப்பி, பம்பைப் போட்டு, எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, ரேடியோவை அணைத்துவிட்டு உட்காருங்கள். அழுத்தத்தால் தானாக நிற்கும் பம்பு என்றால் பத்து நிமிடமும் சத்தமே வரக் கூடாது. சும்மா இருந்தது திடீரென்று ஒருமுறை 'டக்' என்று துடித்தால் எங்கேயோ சொட்டுகிறது. சிங்க்குக்கு அடியிலும், ஷவர் குழாயின் இணைப்பிலும், தண்ணீர் சூடாக்கியின் பின்பக்கத்திலும் டிஷ்யூ தாளை ஒற்றிப் பாருங்கள். நீங்கள் மழைக்கசிவு என்று பயப்படும் மூலை ஓதம் இந்தச் சொட்டாகக்கூட இருக்கலாம், அப்படியானால் ஐந்து பவுண்டோடு போயிற்று. குளிர்காலத்தில் தண்ணீரை வடிக்காமல் விட்டு சூடாக்கி உறைந்து வெடித்த வண்டிகள் ஒவ்வொரு மார்ச்சிலும் எங்களிடம் வரிசையாக வரும். ட்ரூமா நிறுவனத்தின் சூடாக்கிகளில் சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் தானாகத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிடும் வால்வு ஒன்று உண்டு. குளிர்நாளில் வண்டிக்கடியில் தண்ணீர் கொட்டினால் அது பழுதாக இல்லாமலும் இருக்கலாம், பயந்துவிடாதீர்கள்.

ஃபிரிட்ஜ் நம் வீட்டு ஃபிரிட்ஜ் அல்ல. கேஸ், 12 வோல்ட், 230 வோல்ட் மூன்றிலும் ஓடும், கம்ப்ரஸர் கிடையாது, வண்டி சமமாக நின்றால்தான் குளிரும், குளிரவும் பல மணி நேரம் எடுக்கும். அரை மணி நேரம் போட்டுவிட்டுக் கெட்டுவிட்டதென்று முடிவு கட்டாதீர்கள். ஒரு ராத்திரி மின்சாரத்தில், ஒரு ராத்திரி கேஸில் ஓட்டிப் பாருங்கள். பின்புறக் குழாயில் மஞ்சள் தூள் படிந்து அம்மோனியா நெடி அடித்தால் மட்டும் அதன் ஆயுள் முடிந்தது. அந்தத் தூளைக் கையால் தொடாதீர்கள், நச்சு.

லித்தியம் பற்றி. பேட்டரியை மட்டும் தூக்கி மாட்டினால் போதும் என்று விற்பவர் சொல்வார். 2007 வண்டியின் சார்ஜர் ஈய பேட்டரிக்கென்று வடிவமைத்தது. எஞ்சின் ஓடும்போது லித்தியம் பசித்த யானை மாதிரி ஆம்பியரை இழுக்கும், பழைய ரிலேயும் மெல்லிய கம்பியும் சூடாகும். இடையில் அந்த இழுப்பைக் கட்டுப்படுத்தும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும், மெயின்ஸ் சார்ஜரையும் மாற்ற வேண்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது, அதைத் தடுக்கும் வசதி பேட்டரிக்குள் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். மின்சார வசதியுள்ள முகாம்களில்தான் பெரும்பாலும் தங்கப்போகிறீர்கள் என்றால் நல்ல ஈய பேட்டரியே போதும் என்பது என் எண்ணம், இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் உண்டு. சோலாரைப் பொறுத்தவரை 100 வாட் பலகை இங்கே நல்ல கோடை நாளில் 30 ஆம்பியர்-மணி அளவு தரும், டிசம்பரில் அதில் பத்தில் ஒரு பங்கு கிடைத்தாலே பெரிது. கூரையில் துளையிடும் ஒவ்வொரு இடமும் நாளைய கசிவு என்பதால், ஓதத்தை முடித்துவிட்டு, ஒட்டும் வகைத் தாங்கிகளால் பொருத்துங்கள்.

டயரில் ஆழம் நிறைய இருக்கும், அதில் ஏமாறாதீர்கள். பக்கச்சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2314 என்றால் 2014ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். ஏழு வருடத்தைத் தாண்டியதை நான் வைத்திருக்க மாட்டேன், நின்றே கிடந்த வண்டியில் இன்னும் சீக்கிரம் மாற்றுவேன். எம்.ஓ.டி.யில் டயர் தேறியதென்றால் அன்று தேறியது என்றுதான் பொருள். வீட்டுப் பகுதியின் ஓதத்தையோ கேஸையோ எம்.ஓ.டி. தொடுவதே இல்லை. ஆனால் அரசு இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டால் பழைய எம்.ஓ.டி. விவரமெல்லாம் இலவசமாக வரும், மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருக்கிறதா என்று அதில் சரிபார்க்கலாம். எஞ்சின் எது என்றும் பாருங்கள்: 2.3 லிட்டர் என்றால் டைமிங் பெல்ட், வயதை வைத்தே மாற்ற வேண்டும், 2.2உம் 3.0உம் செயின். 2006இல் வந்த அந்த டுகாட்டோவின் முதல் வருட வண்டிகளில் முன்கண்ணாடிக்கு அடியிலிருந்து மழைநீர் எஞ்சின் மேல் சொட்டும் கோளாறும், ரிவர்ஸில் உதறும் கோளாறும் இங்கே எல்லோருக்கும் தெரிந்தவை. ஒரு மேட்டில் ரிவர்ஸ் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: எடை. 1997 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ கார் லைசென்ஸ் வாங்கியவர் என்றால் உங்களுக்கு வரம்பு 3,500 கிலோ, உங்கள் வண்டியின் அதிகபட்ச எடையும் அநேகமாக அதுவாகவே இருக்கும். நாலு பேர், 100 லிட்டர் தண்ணீர், சிலிண்டர், சைக்கிள் எல்லாம் ஏற்றினால் அந்த எண் சீக்கிரம் வந்துவிடும். எல்லாவற்றையும் ஏற்றி ஒருமுறை எடைமேடையில் நிறுத்துங்கள், பின் அச்சைத் தனியாகவும். சோலார், படுதா, கனமான மரப்பலகை என்று ஆசைப்படுவதற்கு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அந்தச் சீட்டு சொல்லும்.

மற்றபடி துணி மாற்றுவது, வெள்ளை அடிப்பது எல்லாம் நீங்களே செய்துகொள்ளலாம். அலமாரியின் மரநிறம் பெரும்பாலும் காகிதமோ வினைலோதான், நன்றாக எண்ணெய்ப்பிசுக்கு நீக்கி, லேசாகத் தேய்த்து, ஒட்டும் வகைப் பிரைமர் போடாவிட்டால் நகம் பட்டாலே உரிந்துவிடும். ஜன்னல்கள் கண்ணாடியல்ல, அக்ரிலிக். கண்ணாடி துடைக்கும் திரவமும் தின்னரும் பட்டால் சிலந்திவலை மாதிரி வெடிக்கும், சோப்புத்தண்ணீர் போதும்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். வாடை வரும் பக்கத்துப் பின் விளக்கைக் கழற்றுங்கள், சில திருகாணிதான். ஓட்டைக்குள் விரலை விட்டு மரத்தைத் தொட்டுப் பாருங்கள், டார்ச் அடித்து ஒரு படமும் எடுங்கள். அந்தப் படத்தையும் ஓதமானி எண்களையும் இங்கே போட்டால், பிரிக்க வேண்டியது ஒரு மூலையா ஒரு சுவரா என்று ஓரளவு சொல்ல முடியும்.